கமக் என்பதைக் கமகம் என்று படித்தேன்

1. ஒரு திங்கட்கிழமை காலை, ஒரே பாடகியின் இரண்டு மாதிரி இசைத்தட்டுகள் என் மேஜைக்கு வந்தன. தட்டுக்கு ஒரு பாட்டு.
2. கூட வந்த பதிவுச் சீட்டில் ஆங்கில எழுத்தில் மூன்றே சொற்கள் இருந்தன: குரல், ஏக்தாரா, கமக்.
3. மூன்றாவது சொல்லை நான் கமகம் என்று படித்தேன்.
4. இரண்டையும் மும்மூன்று முறை கேட்டேன். சுருதி மேலும் கீழும் இழுபட்டது. ‘பதிவு இயந்திரத்தின் ஓட்டம் சீரில்லை, தகடுகள் வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
5. புதன்கிழமை முதல் பாட்டின் செம்புத் தகட்டை வெட்டி உருக்கப் போட்டார்கள்.
6. வியாழக்கிழமை மதியம், நான் எழுதியது தவறு என்று தெரிந்தது.
7. இரண்டாவது தகட்டை வெட்டச் சனிக்கிழமை பன்னிரண்டு மணி குறிக்கப்பட்டிருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் நீங்கள் இருவரும் அடுத்த வாரம் முதல் என் மேஜையில் உட்காரப் போகிறீர்கள். நான் பதிவு அறைக்கு மாறுகிறேன். ஊசியை எப்போது மாற்றுவது, சாவியை எத்தனை சுற்று கொடுப்பது, பழுதுகளுக்கு என்ன குறி போடுவது என்பதையெல்லாம் என்னோடு கேட்பறையில் வேலை செய்யும் ஷெஃபாலி உங்களுக்குக் காட்டுவாள். அதற்கு ஒரு காலைப் பொழுது போதும். அவளால் காட்ட முடியாத ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அந்த வாரம் அதற்குச் சரியான உதாரணம். என் ஆறு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தவறும் அதுதான்.

கேட்பறையில் நம் வேலை ஒன்றே. பாடகர் குழாய்க்குள் பாடியது மெழுகில் பதிந்து, மெழுகிலிருந்து செம்புத் தகடாகிறது. அந்தத் தகட்டிலிருந்து ஒரு மாதிரித் தட்டு அடித்து நம்மிடம் அனுப்புவார்கள். நாம் சரி என்றால் ஊரெங்கும் போகும். வேண்டாம் என்றால் தகட்டை உருக்கி, மாதிரித் தட்டையும் உடைத்துவிடுவார்கள். மெழுகை அதற்கு முன்பே சீவி வேறு பாட்டுக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். அதாவது நம் கையெழுத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கும் இருக்காது. இதை முதல் நாளே எனக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

என் தகுதிகளைப் பற்றி அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரியில் பௌதிகம், பிறகு தந்தி ஆபீஸ் பயிற்சி, சிறு வயது முதல் வீட்டில் வாய்ப்பாட்டு. டாலிகஞ்சில் எங்கள் தெருவில் ட்ராம் மணி அடித்தால் அது எந்தச் சுரம் என்று சொல்லுவேன். நான் கழித்த தட்டு எதுவும் சரி என்று திரும்பி வந்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஷெஃபாலிக்கு மலேரியா. இரண்டு பேர் கையெழுத்திட வேண்டிய இடத்தில், அவசரத்துக்கு ஒருவர் போதும் என்று ஒரு வழக்கம் இருந்தது. பதிவு செய்தவர் லக்னோவுக்குப் பயணம் போயிருந்தார். கேட்க ஆளில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

தட்டில் ஒரு பெண் குரல். எனக்குப் பழக்கமில்லாத பாட்டு, கிராமத்துப் பாட்டு. கீழே ஏதோ தோல் வாத்தியம் போல ஒன்று குப் குப் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு அடியிலும் மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று. குரலும் வரி முடிவுகளில் அதோடு சேர்ந்து வழுக்கியது. அந்த வாத்தியம் குழாய்க்கு மிக அருகில் இருந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டது. பதியும்போது இயந்திரத்தின் ஓட்டம் தளர்ந்தால் தட்டைக் கேட்கும்போது சுருதி ஏறும், விரைந்தால் இறங்கும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சீட்டில் கமக் என்று இருந்ததை, முதலெழுத்து தவறிய ‘கமகம்’ என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டக் கோளாறைக் கமகம் என்று எழுதி மூடி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. கோபத்தோடு எழுதியதால் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

புதன்கிழமை உருக்கப் போன பெட்டியில் ஒரு தகட்டுக்குத்தான் இடம் இருந்தது. இரண்டாவது தகடு தகட்டறையில் தங்கியது. அதன் மாதிரித் தட்டு என் மேஜையிலேயே நின்றது.

வியாழக்கிழமை ஷெஃபாலி சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். நாங்கள் பேசுவது வங்காளியில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் என் பெயரைக் கொமலா என்றுதான் சொல்லுவாள்.

“நான் இல்லாதப்ப எதைக் கழிச்சே, பாப்போம்” என்று அந்தத் தட்டை எடுத்து வைத்தாள். பாட்டு தொடங்கியதும் அவள் தலை ஆட ஆரம்பித்தது.

“நல்லாத்தானே இருக்கு.”

“ஓட்டத்தைக் கேளு. ஏறி ஏறி இறங்குது.”

“எது ஏறுது?”

“எல்லாமே.”

“கொமலா, அது கமக்.”

“கமகம் எனக்குத் தெரியாதா? ஆறு வயசிலேர்ந்து பாடறேன். கமகம் குரல்ல இருக்கும். இது அதில்லை.”

“குரல்ல எப்படி இருக்கும்? கையிலல்லவா இருக்கு.”

“யார் கையில?”

 ஷெஃபாலி தன் டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பிடிப்பது போல ஒரு கையை நீட்டி, மறு கையால் மீட்டிக்காட்டினாள். வாயால் குப், குபா, குப் என்றாள். இழுக்க இழுக்க அவள் குரல் மேலே வழுக்கியது.

“பாவுல்காரங்க வாத்தியம். அதுக்குப் பேரே கமக். உங்க ஊர்ல கமகத்தைக் கக்கத்துல வெச்சுக்குவீங்களா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “சீட்டுல ரெண்டுன்னு இருக்கு. இன்னொரு தட்டு எங்கே?”

தகட்டறை வெங்கடராமன் தஞ்சாவூர்க்காரர். அங்கே பதினைந்து வருஷமாக இருப்பவர். நான் போனபோது செம்பை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், திங்கட்கிழமை நான் கழிச்ச ரெண்டு தகடு.”

“ஒண்ணு போயாச்சு. ஒண்ணு சனிக்கிழமை பன்னண்டு மணிக்குப் போறது. ஏன், சீக்கிரம் அனுப்பணுமா?”

“போகக் கூடாது சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ எழுதின சீட்டை நீயே திருப்பிக் கேட்டு நான் பாத்ததில்லையேம்மா.”

“கேட்டதில்லை.”

“மத்தவா சீட்டு வந்தா ஒரு நாள் ரெண்டு நாள் வெச்சிருப்பேன். மனசு மாறும்னு. உன் சீட்டுன்னா அன்னிக்கே பெட்டியில போட்டுடுவேன். ரெண்டாந்தரம் படிக்கறதுகூட இல்லை.”

அவர் குற்றம் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். என் பெருமைதான் முதல் பாட்டை அவ்வளவு வேகமாக உலைக்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவதை நிறுத்த மேற்பார்வையாளர் சான்யால் பாபுவின் கையெழுத்து வேண்டும் என்றார்.

சான்யால் பாபு நல்லவர். ஆனால் வாய்ப்பேச்சை ஏற்காதவர். “கேட்பவருக்குக் கேட்பவர் காது வேறு. திங்கட்கிழமைக் காது ஒன்று, வியாழக்கிழமைக் காது ஒன்று என்றால் நான் எதை நம்புவது? கழித்ததைத் திரும்பப் பெற அபிப்பிராயம் போதாது, அத்தாட்சி வேண்டும்” என்றார். பிறகு கொஞ்சம் இளகி, “அந்தப் பெண்மணி இன்னும் ஊரில்தான் இருக்கிறார். கூப்பிட்டு இரண்டையும் மறுபடி பாடச் சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் எளிது” என்றார்.

எனக்கும் அது எளிதாகத்தான் தெரிந்தது. என் தவறு சுத்தமாக அழிந்துவிடும்.

பாடகியின் பெயர் கௌரி. டாலிகஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கால்வாய்க்கு அக்கரையில், ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல்கள் வந்தால் தங்கும் ஒரு மடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் அங்கே போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“மாஷி, உங்க ரெண்டு பாட்டுல ஒண்ணு போயிடுச்சு. என்னாலதான்.”

“எது?”

“படகுப் பாட்டு.”

அவர் கை நிற்கவில்லை. “படகா. குரு எனக்கு மொதல்ல குடுத்தது அதான்.”

“கம்பெனி வண்டி அனுப்பும். நாளைக்கே மறுபடி பாடிடலாம்.”

“முடியாது, மா. இந்த ரெண்டு பாட்டும் சபையில பாடறதில்லை. குழாய்க்குள்ள பாடலாமான்னு குருகிட்ட கேட்டேன். மூணு நாள் யோசிச்சார். ஒரே ஒரு தரம் பாடுன்னார். பாடிட்டேன்.”

“அவர்கிட்ட நான் வந்து கேட்கட்டுமா?”

“எங்கே போய்க் கேப்பே? மாக மாசமே கண்ணை மூடிட்டார்.”

 “இயந்திரக் கோளாறுன்னா, பாடினதாக் கணக்கில்லை, இல்லையா” என்றேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இயந்திரத்துலயா கோளாறு?”

“இல்லை. என் காதுல.”

“அப்போ நான் ஒரு தரம் சரியாத்தான் பாடியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். “இன்னொண்ணு இருக்குல்ல, விளக்குப் பாட்டு? அதையாவது விட்டுடாதே.”

கமக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தார். பம்பரம் போலக் குடைந்த ஒரு சின்ன மரக்குடம், அடியில் தோல், தோலிலிருந்து புறப்படும் நரம்பு, நரம்பின் மறுமுனையில் கைப்பிடிக் குமிழ். கக்கத்தில் இடுக்கி, குமிழை இழுத்துப் பிடித்து மீட்டினார். நான் ‘ஓட்டம் சீரில்லை’ என்று எழுதியது அவருடைய இடது கையைத்தான். அந்தக் கை எப்போது இறுக வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. தாளம் போடத் தெரிந்த எனக்கு, முன்பு கேட்ட மூன்று முறையில் அந்தக் கணக்கு காதில் விழவே இல்லை. தெரிந்ததைத் தேடிக்கொண்டிருந்தேன், அது இல்லாததால் பழுது என்று முடிவு கட்டினேன்.

கூடப் பாடும் பெரியவர் ஏக்தாராவோடு திண்ணையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கௌரி வாசிப்பதைக் கேட்டு அவரும் சும்மா மீட்டினார். ஒரே கம்பி, ஒரே சுரம். கமக் எங்கெங்கோ போய் வந்தது. அது அசையவில்லை.

அத்தாட்சி அங்கே இருந்தது. இயந்திரம் தளர்ந்தால் தட்டில் உள்ள எல்லாமே சேர்ந்து வழுக்க வேண்டும். ஏக்தாரா மட்டும் நின்ற இடத்தில் நிற்க முடியாது. நின்றால், வழுக்கியது கை, இயந்திரம் இல்லை. திங்கட்கிழமையே இதை நான் யோசித்திருக்கலாம். சீட்டில் ஏக்தாரா என்று எழுதியும் இருந்தது.

சனிக்கிழமை வீட்டிலிருந்து என் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ராம் ஏறினேன். பதினொரு மணிக்குச் சான்யால் பாபுவைக் கேட்பறைக்கு அழைத்து வந்தோம். ஷெஃபாலி சாவி கொடுத்தாள். பாட்டு தொடங்குமுன் ஏக்தாரா தனியாக ஒலிக்கும் இடத்தில் தட்டின் வேகத்தைத் திருகி, என் பெட்டியின் சுருதியோடு சேர்த்தேன். பிறகு வேகத்தைத் தொடவில்லை. பாட்டு ஓடியது. குரல் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் ஏக்தாரா வெளியே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டியோடு ஒட்டி நின்றது. நடுவில் நின்றது, கடைசியிலும் நின்றது. பாட்டு முடிந்ததும் கௌரி தன் பெயரைச் சொல்லும் குரலும் சாதாரணப் பேச்சுக்குரலாகவே இருந்தது.

“இன்னொரு தரம்” என்றார் சான்யால் பாபு. இன்னொரு தரம் வைத்தோம்.

“இயந்திரம் சரி, ஒப்புக்கொள்கிறேன்” என்றார். “ஆனால் கடைக்காரனிடம் சுருதிப் பெட்டி இல்லை. நீங்கள் நினைத்ததைத்தான் அவனும் நினைப்பான். தட்டு திரும்பி வரும்.”

“வரலாம்” என்றேன்.

“பிறகு?”

“விற்குமா என்று சீட்டில் என்னைக் கேட்கவில்லை. பழுதா என்றுதான் கேட்டிருக்கிறது. பழுது என்று எழுதினேன். அது தவறு. விற்காது என்பதற்காக உருக்குவதென்றால் அந்த முடிவை நீங்கள் எழுதுங்கள். என் சீட்டின் பேரில் உருக்க வேண்டாம்.”

ஷெஃபாலி ஊசியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். சான்யால் பாபு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

“நீங்கள் பெரிய பிடிவாதக்காரி” என்றார்.

“திங்கட்கிழமையும் இதே பிடிவாதம்தான் பாபு. அன்றைக்கு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.”

அவர் ஒரு நிபந்தனை போட்டார். கழித்தது தவறு என்று பதிவேட்டில் என் கைப்பட எழுத வேண்டும். முதல் தகட்டின் இழப்பு என் பெயரில் நிற்க வேண்டும். எழுதினேன். அவர் கீழே கையெழுத்திட்டார். நான் தகட்டறைக்கு நடந்துதான் போனேன், ஓடவில்லை. ஆனால் வழக்கமாக எண்ணும் படிகளை எண்ண மறந்துவிட்டேன். வெங்கடராமன் சீட்டை இரண்டு முறை படித்தார்.

தட்டின் காகிதத்தில் ‘கமக் வாத்தியத்துடன்’ என்று வங்காளியில் அச்சிட வேண்டும் என்று நானும் ஷெஃபாலியும் கேட்டோம். அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் எதையும் கழிக்காதீர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் அடுத்த தவறையும் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து, கிழக்கே மலைப்பகுதியில் பதிவு செய்த ஒரு தட்டு வந்தது. துணை வாத்தியம் இல்லாத தனிக்குரல். சுருதி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. ஷெஃபாலி முகம் சுளித்தாள். “அவங்க பாணி அப்படி இருக்கலாம், நமக்கென்ன தெரியும்?” என்று நான் பெரிய மனதோடு சொல்லிச் சரி போட்டேன். அந்தத் தட்டின் கடைசியில் பாடகர் தன் பெயரைச் சொல்லுகிறார். குழந்தை பேசுவது போலக் கீச்சென்று கேட்கும். நாற்பது வயது ஆண். இயந்திரம் உண்மையாகவே தளர்ந்திருந்தது. அந்த ஊர்க் கடைக்காரர்கள் தட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஆளின் குரலைக் கேலி செய்கிறீர்களா என்று ஒருவர் எழுதியும் இருந்தார். அவர் கேட்டது நியாயம். முதல் தடவை தெரியாததைப் பழுது என்றேன். இரண்டாம் தடவை தெரியாததைப் பாணி என்றேன். இரண்டு தடவையும் யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மேஜையில் ஒரு நடைமுறை வந்தது. பழக்கமில்லாத பாட்டு என்றால் முதல் முறை கேட்கும்போது கையில் பென்சில் இருக்கக் கூடாது. இரண்டாம் முறை, அசையக் கூடாதது எது என்று தேட வேண்டும்: சுருதிக் கம்பி, ஒரு மணி, பேசும் குரல், எதுவானாலும் சரி. அது நிற்கிறதா என்று பார்த்த பிறகே வழுக்குவதற்குப் பெயர் வைக்க வேண்டும். சீட்டில் உள்ள சொல் உங்களுக்குத் தெரிந்த சொல் போல இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். தெரியாத சொல் என்றால் கேட்டிருப்பேன். தெரிந்த சொல் போல இருந்ததால்தான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஷெஃபாலியும் காது கொடுக்கப் போக ஆரம்பித்தோம். கீர்த்தனம் நடக்கும் முற்றங்கள், சீனர்கள் தெருவில் நாடக மேளம், துறைமுகப் பக்கம் பர்மாக்காரர்கள் வட்டமாக அடுக்கி வாசிக்கும் மத்தளக் கூட்டம். சீன மேளம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. தலை வலிக்கும். ஆனால் அதில் எது மணி, எது ஜாலரா, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பிடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. பிடிக்காததைச் சரியாகக் கேட்கும் கட்டாயம் உண்டு. ஷெஃபாலி ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து என் தங்கை பாடியதைக் கேட்டாள். “இவ்வளவு நடுங்கினா இயந்திரத்தை மாத்தணும்னு நான் எழுதியிருப்பேன்” என்றாள். தங்கைக்குக் கோபம்.  ஷெஃபாலியைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

உங்களுக்குத் தமிழ், தெலுங்குத் தட்டுகள்தான் முதலில் வரும். அவற்றில் தெம்பாக இருப்பீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மற்றவையும் வரும். ஷெஃபாலி பக்கத்தில் இருக்கிறாள், பதிவு அறையில் நான் இருக்கிறேன். படியேறி வந்து கேளுங்கள். ஒரு சொல்லைக் கேட்க வந்ததற்காக யாரையும் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். ஷெஃபாலி சிரிப்பாள், பொருட்படுத்தாதீர்கள்.

இன்றைய நிலை இது. விளக்குப் பாட்டின் தகடு நல்ல நிலையில் இருக்கிறது, கேட்டபோதெல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். படகுப் பாட்டுக்குத் தகடும் இல்லை, தட்டும் இல்லை. கௌரி மாஷி அதை மறுபடி பாடவில்லை. பாடச் சொல்லி நான் இரண்டாம் முறை கேட்கவுமில்லை.